ஒரே ஆளுக்கு இரண்டு விசாரணை

என் வீட்டுக்காரர் போனபோது எனக்கு விட்டுப் போனது இரண்டு காணி நிலம், ஒரு மோட்டார் கொட்டகை, ஒரு துப்பாக்கி. நிலத்துக்குப் பட்டா மாற்ற நான் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஆனாலும் எனக்குச் சோறு இறங்காமல் போனது துப்பாக்கியால்தான்.

ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று என் மாமனார் காலத்தில் வாங்கி, பிறகு என் வீட்டுக்காரர் பெயருக்கு லைசென்ஸ் மாறியது. எங்கள் ஊர் சாலவாக்கத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் இருக்கிறது. வேர்க்கடலை பிஞ்சு பிடிக்கிற நேரம் பார்த்து காட்டுப்பன்றிகள் குன்றுப் பக்கமிருந்து இறங்கும். ஒரு குடும்பம் இறங்கினால் போதும், விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி நிலம் புரண்டு கிடக்கும். பன்றியைச் சுடக் கூடாது என்பது சட்டம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் ஓடிவிடும், நாலு நாள் வராது.

லைசென்ஸ் என்னவோ ஒருத்தர் பெயரில்தான். காவல் முறை தெருவுக்கே பொது. யார் வீட்டு முறையோ அவர்கள் பொழுது சாயும்போது வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போவார்கள், காலையில் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஆணியில் மாட்டுவார்கள். குத்துவிளக்கை இரவல் கொடுப்பதுபோல் கொடுத்து வாங்கினோம். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அது தப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அவர் இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு என் கொழுந்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அரை டிராயர் போட்டிருந்தவர், அதனால் இன்றைக்கும் எனக்கு 'வா, போ'தான்.

"அண்ணி, அந்தத் துப்பாக்கிய என்கிட்ட குடுத்துடுங்க. உங்களுக்கு இன்னா வேலை அதுல? ஒரு வெலை போட்டு எடுத்துக்கறேன்."

"பேப்பர்?"

"நமக்குள்ள இன்னா அண்ணி பேப்பரு? அண்ணன் சாமான் தம்பிக்கு வருது. வூட்ல இருந்து வூட்டுக்குப் போவுது. அவ்ளோதான்."

நான் கொடுக்கவில்லை. ஏதோ பெரிய நியாயம் தெரிந்து நான் மறுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பயம். போலீஸ் வந்து 'செத்தவர் துப்பாக்கி எங்கே' என்று கேட்டால் நான்தானே நிற்க வேண்டும்? உத்திரமேரூர் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்குகிறவர் முதலில் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட வேண்டும், போலீஸ் ஊருக்கு வந்து ஆள் எப்படி என்று விசாரிக்கும், அது சரியாக இருந்தால்தான் மேலே நகரும் என்று அங்கே சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் ஊரில் கிளம்பிய பேச்சு இருக்கிறதே! எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பால் அளப்பதைவிட வாய் அளப்பது அதிகம். சொசைட்டி செயலாளருக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீங்களே! கடலை பூ எடுக்குது, துப்பாக்கி ஸ்டேஷன்ல தூங்குது. சொந்தத் தம்பிய விசாரிக்கணுமாம்! இன்னா பேஜாரு இது? அருவா வாங்கறவன யாராச்சும் விசாரிக்கிறானா?"

"அருவா தூரத்துல நிக்கறவன வெட்டாதுண்ணே," என்றேன்.

"இத்தினி வருசமா கை மாறிக்கினுதான இருந்தது? யாரு செத்தா?"

அவர் சொன்னது உண்மைதான், யாரும் சாகவில்லை.

உத்திரமேரூரில் பூச்சி மருந்துக் கடை வைத்திருக்கும் பாயிடம் ஒரு நாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கடையில் மருந்து கேட்டால் சட்டென்று எடுத்துத் தர மாட்டார். எந்தப் பயிர், எத்தனை காணி, என்ன பூச்சி என்று குடைவார். முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும், இவருக்கு எதற்கு என் வீட்டு ஜாதகம் என்று. பதில் சொல்லத் தடுமாறுகிறவருக்கு, அழுது முகம் வீங்கி வருகிறவருக்கு, "ஸ்டாக் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார் என்பதும், எத்தனையோ பேர் நாளைக்கு வரவே இல்லை, வீட்டில் உயிரோடு இருந்தார்கள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அஞ்சு நிமிசம் கேள்வி கேட்டா யாருக்கும் நஷ்டம் இல்லம்மா," என்றார் பாய். "ஆனா கேக்கற கேள்விக்கு பதில் சொல்றவங்க நெசத்த சொல்லணும். அது ஒண்ணு கீது."

அங்கேதான் எனக்கு முள் குத்தியது. ஏன் குத்தியது என்று சொல்ல, பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை எப்படி என்று பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது. வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாதவன்கூட, "தங்கமான பையன், கண்ண மூடிக்கினு குடுங்க" என்பான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்களே, அந்த ஆயிரத்தையும் தெருவே பங்கு போட்டுச் சொல்லும். எங்கள் தெருச் சொல்லால் ஒரு கல்யாணமும் நின்றதில்லை என்று அதில் ஒரு பெருமை வேறு.

அப்படித்தான் கொழுந்தனாருக்குப் பெண் பார்த்தபோது தென்னேரியிலிருந்து பெண்ணின் சித்தப்பா வந்தார். வெயிலில் வந்த மனிதருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அம்மா, நீங்க அண்ணி. கூடவே இருக்கறவங்க. கோவம் கீவம் எப்பிடி?"

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது. குடிக்க மாட்டார், சூதாட மாட்டார், அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியவர் அவர்தான். ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். தட்டோ, செல்போனோ, கொத்துக் கரண்டியோ, எது இருந்தாலும் பறக்கும். பறந்த பிறகு அவரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் சொன்னேன்: "வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாதுங்க."

சித்தப்பா சிரித்துக்கொண்டே போனார். மூன்றாம் மாதம் கல்யாணம்.

என் ஓரகத்தி கெட்டிக்காரி. வந்த ஒரு வருஷத்துக்குள் அந்த வீட்டில் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டாள். டம்ளர், சாமி படம், முகம் பார்க்கிற கண்ணாடி எதுவும் கிடையாது. சீப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து என் பீரோ கண்ணாடியில்தான் தலை வாருவாள். இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு, சொம்பு பட்டது. யாராவது கேட்டால் நிலைப்படி இடித்தது என்பாள். ஒரு நாள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, அன்னிக்கு எங்க சித்தப்பா வந்து கேட்டப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஐயோ, அடுப்புல பால் பொங்குது" என்று உள்ளே ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை. அவள் திரும்பக் கேட்கவில்லை.

கொழுந்தனார் லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டுவிட்டார். இப்போது அதே ஆளுக்கு இரண்டாவது விசாரணை. இந்தத் தடவை வீட்டுக்குள் வரப்போவது துப்பாக்கி.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்தில் சொசைட்டிக்கு வந்தால் ஊரே ஒரே இடத்தில் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பைக்கை நிறுத்தி, காகிதத்தை எடுத்து, கொழுந்தனார் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று கேட்டார்.

"தங்கம் சார்!" என்றார் செயலாளர்.

"குடி?"

"மோந்துகூடப் பாக்க மாட்டாரு."

"அடிதடி, கேசு?"

"ஒரு எறும்புக்கு தீங்கு நெனைக்க மாட்டாருங்க." இது கேனோடு நின்ற இன்னொருவர்.

அவர்கள் பொய் சொல்வதாக அவர்களுக்கே தெரியாது. அது துப்பாக்கிக்கான விசாரணையாக யார் காதிலும் விழவில்லை. பெண் வீட்டார் வந்திருக்கிற மாதிரிதான் வாய்கள் திறந்தன. பழக்க தோஷம்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான அண்ணி? துப்பாக்கி உங்க வீட்டுக்காரர்து. நீங்க சொல்லுங்க. ஆட்சேபணை ஏதாச்சும்?"

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக. வீட்டில் இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். ஆனால் அத்தனை பேர் பார்க்க வாயைத் திறந்தேன், வந்தது என்ன தெரியுமா?

"வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாதுங்க."

அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டு எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். நிமிர்ந்து பார்த்தால், பால் வரிசையில் நாலாவதாக என் ஓரகத்தி கேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, முறைக்கவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முறை வந்தது, பாலை ஊற்றினாள், போய்விட்டாள்.

அடிப் பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாக்கா இது, தேய்ந்துபோன செருப்பா? போன தடவையாவது முகம்கூடத் தெரியாத பெண். இந்தத் தடவை பன்னிரண்டு வருஷமாக என் கண்ணாடியில் தலை வாரினவள்.

மறுநாள் மதியம் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொழுந்தனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரகத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர்கள் பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று.

"தம்பி, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். நேத்து நான் குடுத்த வாக்குமூலம் பொய்னு சொல்லப் போறேன். உன் முதுகுக்குப் பின்னால சொல்லக் கூடாதுன்னுதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போவ வந்தேன்."

"இன்னா பொய்?"

"நீ கோவக்காரன். கோவம் வந்தா உனக்குக் கை நிக்காது. உன் கையில துப்பாக்கி வேணாம்."

முகம் கறுத்தது. "அண்ணி, ஊரே நல்லவன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர்..."

"ஊரு உன் வூட்ல படுத்துக்கினு இல்ல."

சொம்பு பறந்தது. என்மேல் வீசவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். என் பக்கத்துச் சுவரில் பட்டுத் தண்ணீர் தெறித்து, தரையில் உருண்டது. ஆனால் நான் பார்த்தது சொம்பை அல்ல. என் ஓரகத்தி கையில் இருந்த குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்து, உருண்டு வந்த சொம்பைப் பாதத்தால் நிறுத்தி, எடுத்து நிமிர்த்தி வைத்து, துணியால் தண்ணீரைத் துடைத்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தினம் செய்கிற வேலை மாதிரி செய்தாள்.

"தம்பி," என்றேன். "அது சொம்பு. அதனாலதான் நான் இன்னும் நின்னு பேசிக்கினு கீறேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்தவளை வெகுநேரம் பார்த்தார். எச்சில் கையோடு எழுந்து வெளியே போய்விட்டார். பைக் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரகத்தி ஓடி வந்து ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கடி?"

"நீங்க போற எடத்துக்குத்தான். உங்களக் கேட்டாங்க, என்னை யாரு கேட்டாங்க? வூட்டுக்குள்ள இருக்கறவ நானு."

கண்டக்டர் காசில்லா டிக்கெட் இரண்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டேஷனில் ரைட்டர் எங்கள் கதையைப் பாதியில் நிறுத்தினார். "அம்மா, அந்த மனு இப்ப இல்லையே! அவரே காலைல ஏழு மணிக்கு வந்து வாபஸ் எழுதிக் குடுத்துட்டாரே," என்று ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். எட்டாவது வரை படித்த கையெழுத்து, மேலும் கீழும் ஏறி இறங்கி இருந்தது.

'நான் துப்பாக்கி கேட்டுக் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது கையில் நிற்பதில்லை. ஊரில் கேட்டால் நல்லபடி சொல்வார்கள். வீட்டில் கேட்கவும்.'

ஓரகத்தி அதைப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு அவளுக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப நீங்க கெளம்பலாம், இனிமே வேலை இல்ல," என்றார் ரைட்டர்.

"எனக்கு வேலை கீதுங்க. நான் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து. அது அப்பிடியே கெடக்கக் கூடாது."

அவர் அலுத்துக்கொண்டு வெள்ளைத் தாள் கொடுத்தார். எழுதினேன். ஓரகத்தியும் ஒரு தாள் கேட்டு வாங்கினாள். புருவத் தழும்புக்கு நிலைப்படிக் கதையை விட்டுவிட்டுச் சொம்பு என்று எழுதினாள். அவர் பொறுப்பானவர், குடிக்க மாட்டார், பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் எழுதினாள். அத்தனையும் உண்மைதானே? ரைட்டர் இரண்டையும் படித்துவிட்டு, இனி விசாரணைக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற பெண்களையும் தனியாகக் கேட்க ஏட்டிடம் சொல்கிறேன் என்றார். செய்கிறாரா என்று தெரியாது. சொன்னார்.

துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடைக்கு முறைப்படி விற்றுவிட்டேன். பன்றிக்கு இப்போது சோலார் விளக்கும் தகர டப்பாவும் பட்டாசும்தான். முறைக்கு இரண்டு வீட்டார் சேர்ந்து போகிறார்கள். கொஞ்சம் கடலை போகத்தான் போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. செயலாளர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "வந்துட்டாங்கப்பா கலெக்டர் அம்மா" என்பார். நானும் விடுவதில்லை. "உத்திரமேரூர் கோயில் சுவத்துல போய்ப் பாருங்க. ஊர் சபைக்கு யாரு பேர ஓலையில எழுதிக் கொடத்துல போடலாம், யாரு பேர போடக் கூடாதுன்னு ஆயிரம் வருசம் முன்னாலயே ஆள விசாரிச்சுக்கினுதான் இருந்தாங்க. நான் ஒண்ணும் புதுசா கண்டுபுடிக்கல" என்பேன். "அப்ப நீங்க கல்வெட்டம்மா" என்பார்.

கொழுந்தனார் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. முழுக்க மாறிவிட்டாரா என்றால், அட, மனுஷனுக்குக் கோபம் ஒரே நாளில் போய்விடுமா? ஆனால் ஏறி வருகிறது என்று தெரிந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுகிறார். போன பொங்கலுக்கு அவரே ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி வாங்கிவந்து மாட்டினார். இன்று வரைக்கும் அப்படியே இருக்கிறது. ஓரகத்தி மட்டும் பழக்கத்தை விடாமல் என் வீட்டுக்குத்தான் சீப்போடு வருகிறாள்.

அன்று திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கூட்டம் இல்லை. காற்று நன்றாக வந்தது. எனக்கு இனிமேல் பொங்குகிற பால் எதுவும் பாக்கி இல்லை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்:

"நீ ஒரு நாள் கேட்டியே, உங்க சித்தப்பாகிட்ட நான் இன்னா சொன்னேன்னு. வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாதுன்னு சொன்னேன்டி. தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்க்கா," என்றாள். "சித்தப்பா வூட்டுக்கு வந்து அப்பிடியே சொன்னாரு. அந்த வார்த்தய நம்பித்தான் எங்கம்மா ஒத்துக்கினாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுக்கினேவா என்னக் கேட்ட?"

"நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான்க்கா கேட்டேன்."

எங்கள் ஊர் வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஊர் வந்ததும் எழுப்ப மனசு வரவில்லை. பஸ் சாலவாக்கம் போய்த் திரும்பி வரட்டும் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.